சிமெண்டு தீர்ந்த இடத்தில் தோட்டம்

மடிப்பாக்கத்தில் வீடு கட்டப் போகிறோம் என்று 1985-இல் சொன்னபோது யாரும் வாழ்த்தவில்லை, துக்கம் விசாரித்தார்கள். திருவல்லிக்கேணி ஒண்டுக் குடித்தனத்தில் பக்கத்துப் போர்ஷன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அங்க மனுஷங்க குடியிருக்காங்களாம்மா?” என்று கேட்டார். ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரர், “சாருக்கு டிரான்ஸ்ஃபரா?” என்றார். ஊரிலிருந்து வந்திருந்த மாமியாரின் தம்பி ஒருவர்தான் மனதாரப் பாராட்டினார். “செங்கல்பட்டு ஜில்லாவுல இடம் வாங்கியிருக்கீங்க. பட்டணத்துக் காத்தே படாது.”

அவர் வாக்கு பலித்தது. பட்டணத்துக் காற்று மட்டுமல்ல, பட்டணத்துக் குடிநீர், பட்டணத்துச் சாக்கடை, பட்டணத்துத் தெருவிளக்கு எதுவும் எங்கள் மேல் படவில்லை. பரங்கிமலை ஸ்டேஷனில் மின்சார ரயிலை விட்டு இறங்கி, ஸ்டாண்டில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரர் முன்னால் மிதிக்க, நான் பின்னால் பையோடு உட்கார்ந்து வருவேன். கோடையில் சைக்கிள் எங்களைச் சுமந்தது. ஐப்பசி, கார்த்திகையில் நாங்கள் சைக்கிளைச் சுமந்தோம்.

இன்று, நாங்கள் சைக்கிளில் வந்த அந்த மேடவாக்கம் சாலையின் நடுவில் மெட்ரோ ரயிலுக்குத் தூண்கள் நிற்கின்றன. போன வருடம் ஒரு கல்யாணத்தில் பார்த்த சொந்தக்காரப் பெண், “மடிப்பாக்கத்துல தனி வீடு, தோட்டத்தோட வெச்சிருந்தீங்களாமே சித்தி, இடிக்க எப்படி மனசு வந்துச்சு?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வந்தபோதும் துக்கம், இடித்தபோதும் துக்கம். நடுவில் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம் என்று நினைக்கிறேன். கேட்பாரில்லை.

வீட்டுக்காரர் பொதுப்பணித் துறையில் டிராஃப்ட்ஸ்மேன். ஊருக்கெல்லாம் மதகும் மடையும் வரைந்தவருக்கு அப்போதுதான் சொந்த வீட்டை வரையும் யோகம் வந்தது. மனை ஒரு கிரவுண்டு, 2400 சதுர அடி. அதில் ஒரு ஹால், ஒரு படுக்கை அறை, சமையலறை என்று 600 சதுர அடிக்கு வீடு. மீதியெல்லாம் பச்சைப் பென்சில். முன்பக்கம் ‘புல்வெளி’ என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தது. புல்வெளிக்கு நடுவில் ஒரு வட்டம். அது என்ன என்று கேட்டேன். “ஃபவுண்டன்” என்றார், கொஞ்சமும் சிரிக்காமல்.

அந்தப் பச்சைக்குக் காரணம் இயற்கை மேல் இருந்த காதல் என்று இப்போது பேரனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். காரணம் சிமெண்டு. 1982-இல்தான் அதற்கு இருந்த கட்டுப்பாட்டைப் பாதி தளர்த்தியிருந்தார்கள். கட்டுப்பாட்டு விலைக்கு வேண்டுமென்றால் பெர்மிட் வாங்க வேண்டும்; வெளிச்சந்தை விலையைக் கேட்டால் மூட்டையைத் தொடத் தோன்றாது. வீடு கட்டும் முன்பணம் தவணை தவணையாக வந்தது, பெர்மிட் அதைவிட நிதானமாக வந்தது. கிடைத்த மூட்டைகள் அஸ்திவாரம், தளம், பூச்சு என்று போய், கொல்லைப்புறக் கழிவறைக்குப் பின்னால் தீர்ந்துபோயின. எங்கே சிமெண்டு தீர்ந்ததோ அங்கே எங்கள் தோட்டம் ஆரம்பித்தது. 1989-இல் கட்டுப்பாட்டை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். தோட்டம் சுருங்க ஆரம்பித்ததும் அந்தச் சமயத்தில்தான். இது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

மண் கதை இன்னும் நன்றாயிருக்கும். எங்கள் மனை அதற்கு முன் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நஞ்சை. கருத்த களிமண். எதைப் போட்டாலும் முளைக்கும், தண்ணீர் மட்டும் வடியாது. அதனால் முதல் காரியமாக அந்த மண்ணின் மேல் மூன்றடிக்குச் சவுடு அடித்து மேடாக்கினோம். சவுடு போதாத இடத்தில் எங்கோ இடித்த கட்டடத்தின் ரப்பிஷ். கிரகப்பிரவேசம் முடிந்து செடி வைக்கலாம் என்று கடப்பாரை போட்டால் செங்கல் துண்டும் ஓடும் வந்தன. இந்த மண்ணில் என்ன வரும் என்று சலித்துக்கொண்டு, மாட்டு வண்டியில் செம்மண் வாங்கிக் கொட்டினோம். நல்ல வயலைக் கீழே புதைத்துவிட்டு மேலே காசு கொடுத்து மண் வாங்கும் சாமர்த்தியம் எங்கள் லேஅவுட்டில் எல்லோருக்கும் இருந்தது. பிற்பாடு அடுக்குமாடிக்காகக் கடைக்கால் தோண்டியபோது அந்தக் கருத்த மண் பத்திரமாக, ஈரத்தோடு, வெளியே வந்தது. லாரிக்காரர் அதை அள்ளிக்கொண்டு போனார், வேறு யாருடைய பள்ளத்தையோ மேடாக்க.

பச்சைப் பென்சிலின் தலையெழுத்தை மாற்றியவர் மாமியார். வரைபடத்தை விரித்துக் காட்டியபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “புல்லா? மாடு எங்கடா?” என்று மகனைக் கேட்டார். அத்தோடு புல்வெளி முடிந்தது. ஃபவுண்டன் வட்டத்தில் அவரைப் பந்தல் வந்தது. வாசலில் முருங்கை ஆகாது என்று போத்தைக் கொண்டுபோய்க் கொல்லையில் நட்டு, உச்சியில் சாணி உருண்டை வைத்தார். குளியலறைத் தண்ணீர் வெளியே வரும் இடத்தில் வாழை. கிணற்றடியில் ஊரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்த இரண்டு நெட்டைத் தென்னம்பிள்ளைகள். அரிசி களைந்த நீர், மீன் கழுவின நீர், புளித்த மோர் ஒவ்வொன்றுக்கும் ஒரு செடி பாத்தியப்பட்டிருந்தது. மோர் கறிவேப்பிலைக்கு, மீன் தண்ணீர் ரோஜாவுக்கு. நான் அவசரத்தில் மாற்றி ஊற்றிவிட்டால் செடிக்குத் தெரிகிறதோ இல்லையோ அத்தைக்குத் தெரிந்துவிடும்.

இப்போது எங்கள் மொட்டைமாடியில் மீன் அமிலம் என்று ஒரு பாட்டில் இருக்கிறது. தேமோர் கரைசல் என்று இன்னொன்று. இரண்டும் கூரியரில் வந்தவை. மூடியைத் திறந்தால் அத்தையின் தோட்டத்து வாசனை அப்படியே வருகிறது. விலைதான் புதிது.

தண்ணீர் யார் ஊற்றியது என்ற கேள்வியை வீட்டில் யாரும் கேட்பதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். தோட்டம் அவருடையது, விதை மாமியாருடையது, வாளி என்னுடையது. உறைக் கிணறு, தை மாதம் வரை கையெட்டும் தூரத்தில் தண்ணீர் நிற்கும், சித்திரையில் கயிறு நீண்டுகொண்டே போகும். காலையில் சமையலை முடித்து, டிபன் பாக்ஸ் கட்டி, ராட்டினம் கிரீச்சிட வாளி வாளியாக இறைத்துவிட்டு, கையில் கயிற்றுத் தழும்போடு ரயிலில் போய் உட்கார்ந்து ஃபைல் பார்க்க வேண்டும். எளிய இன்பங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வாளி தூக்காதவர்கள். வாளி தூக்கியவர்கள் எழுதியிருந்தால் பம்புசெட்டைப் பற்றித்தான் எழுதியிருப்பார்கள். எங்கள் வீட்டுக்கு அரை ஹெச்.பி. மோட்டார் வந்த நாளில் நான் அதற்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினேன். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த இன்பங்களில் அதைவிட எளியது எதுவும் இல்லை. சுவிட்சைத் தட்டினால் போதும்.

கம்பளிப்பூச்சியைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இயற்கையோடு இயைந்த வாழ்வு என்று பேசுகிறவர்கள் அதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். முருங்கை நன்றாகக் கிளைத்த வருடம், ஐப்பசி மழை பிடித்த சமயம். காலையில் கொல்லைக் கதவைத் திறந்தபோது அடிமரத்தின் பட்டை பழுப்பாக, தடிப்பாக, வேறு மாதிரி இருந்தது. மழையில் ஊறியிருக்கும் என்று நினைத்துக் கிட்டே போனேன். பட்டை அசைந்தது. ஆள் உயரத்துக்கு, விரல் வைக்க இடமில்லாமல், ஒன்றின் மேல் ஒன்றாகக் கம்பளிப்பூச்சிகள். ராத்திரியெல்லாம் மேலே ஏறி இலையைத் தின்றுவிட்டு, பகலில் இறங்கி வந்து இப்படிக் கூட்டமாக ஒட்டிக்கொண்டு தூங்குமாம். கொடியில் காய்ந்த துணியில் நாலைந்து இருந்தன. அதைப் போட்டுக்கொண்ட பிள்ளை உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பாக வீங்கி அழுதான்.

அவர் நூலகத்திலிருந்து எடுத்துவந்த தோட்டக்கலைப் புத்தகத்தில் எந்த மருந்து, எத்தனை மில்லி என்று தேடிக்கொண்டிருந்தார். அத்தை மூங்கில் கழியின் நுனியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, ரேஷன் கெரசினில் முக்கி, பற்றவைத்து, மரத்தோடு சேர்த்துக் கீழிருந்து மேலாக ஒரு இழுப்பு இழுத்தார். பொரிகிற மாதிரி ஒரு சத்தம். மயிர் பொசுங்கும் நாற்றம். சுருண்டு சுருண்டு உதிர்ந்தவற்றைத் தென்னந்துடைப்பத்தால் கூட்டிப் பழைய முறத்தில் அள்ளிக் குழியில் போட்டு மூடினார். பிறகு அதே கையைக் கழுவிக்கொண்டு, அதே மரத்தில் உயரத்துக் கொப்பாகப் பார்த்து வளைத்து, பூச்சி தின்றது போக மிச்சமிருந்த கீரையை ஒடித்துக்கொண்டு உள்ளே போனார். மதியம் முருங்கைக்கீரைப் பொரியல். நான் தொடவில்லை. ராத்திரி பசியில் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

காய் வந்த பிறகு வேறு விதமான தொல்லை. லேஅவுட்டில் வீட்டுக்கொரு முருங்கை. எல்லா மரமும் பங்குனி, சித்திரையில் ஒன்றாகவே காய்க்கும். ஒரு கட்டு எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குக் கிளம்பினால் அந்த அம்மா ஒரு கட்டோடு எதிரே வருவார். இருவரும் சிரித்துக்கொண்டே அவரவர் கட்டைத் திரும்ப எடுத்துவருவோம். ஆபீசுக்கு எடுத்துப்போவதுதான் வழி. மடிப்பாக்கம் ஆட்களை மின்சார ரயிலிலேயே அடையாளம் கண்டுபிடித்துவிடலாம், பைக்கு வெளியே முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும். இப்போது என் மருமகள் முருங்கை இலைப் பொடியை ஆன்லைனில் வாங்குகிறாள். டப்பாவின் மேல் பனித்துளியோடு ஒரு இலைக்கொத்தின் படம். கம்பளிப்பூச்சி இல்லை.

இன்பமே இல்லையா என்று கேட்டால், இருந்தது. கொல்லைப்படி என்று மூன்று படிகள். சாயங்காலம் ஆறு மணிக்கு மல்லிகை விரிவதற்கு முன் மொட்டாகப் பறித்துக்கொண்டு வந்து அந்தப் படியில் உட்கார்ந்து தொடுப்பேன். மின்சாரம் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் போகும். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் நடுவில் போனால் தெருவே சேர்ந்து திட்டும். மற்ற நாளில் யாரும் கவலைப்படமாட்டார்கள். கிழக்கே பள்ளிக்கரணைப் பக்கமிருந்து கொக்கும் மடையானும் ஒழுங்கில்லாத வரிசையில் திரும்பும். மழை பெய்த இரவென்றால் தவளைச் சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேசுவது கேட்காது. மேலும் கீழுமாக மீனம்பாக்கத்து விமானம் ஒன்று விளக்கோடு போகும். அவர் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவார். அத்தை தென்னையைப் பார்த்துக்கொண்டு, இந்த வருடம் பாளை விடும் என்பார். எல்லாம் உண்மை. ஒன்றையும் மிகைப்படுத்தவில்லை.

அந்தப் படியில் உட்கார்ந்து நாங்கள் என்ன பேசினோம் என்பதும் நினைவிருக்கிறது. அடுத்த போனஸில் எந்த இடத்துக்குச் சிமெண்டு போடலாம் என்று பேசினோம்.

முதலில் துவைக்கிற கல்லைச் சுற்றி. அங்கே நின்றால் கால் சேறாகிறது. பிறகு கிணற்றடி. பிறகு கொல்லைப்படியிலிருந்து கிணற்றடிக்கு ஒரு நடைபாதை, ஏனென்றால் இருட்டில் ஒரு சாரைப் பாம்பு என் காலுக்கும் வாளிக்கும் நடுவில் போனது. “சாரைதாம்மா, எலி புடிக்க வந்திருக்கு, அது பாட்டுக்குப் போகும்” என்று அத்தை சொன்னார். அது பாட்டுக்குப் போகட்டும், சிமெண்டின் மேல் போனால் கண்ணுக்காவது தெரியும் என்றேன் நான். 1994-இல் மகள் கல்லூரியில் சேர்ந்ததும் கட்டணத்துக்கு வழி வேண்டியிருந்தது. வரைபடத்தில் ‘மா’ என்று எழுதியிருந்த இடத்தில் வாடகைக்கு ஒரு போர்ஷன் எழும்பியது. திருவல்லிக்கேணியில் வீட்டுக்கார அம்மா எங்களுக்கு என்னென்ன சட்டம் போட்டாரோ அதையெல்லாம் நான் குடிவந்தவர்களுக்குப் போட்டேன். மோட்டார் காலையில் ஒரு தடவைதான், மல்லிகையில் கை வைக்கக் கூடாது, விருந்தாளி ஒரு வாரத்துக்கு மேல் தங்கக் கூடாது. இவ்வளவு சட்டம் எனக்கு மனப்பாடமாக இருந்தது எனக்கே ஆச்சரியம். 2000-இல் பழைய மாருதி 800 ஒன்று வந்தது. அவரைப் பந்தல் போனது, போர்ட்டிகோ வந்தது.

ஒவ்வொன்றுக்கும் அப்போது நியாயம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. கார் மழையில் நனையுமா? மகள் படிக்க வேண்டாமா? மரத்தை வெட்டியவர்களையெல்லாம் வில்லனாக்கி எழுதுகிறவர்களைப் படிக்கும்போது, இவர்கள் வீட்டில் துணியை எங்கே துவைக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும்.

கிணறு வற்றியது. போர் போட்டோம். அதுவும் இளைக்க ஆரம்பித்தபோது லாரித் தண்ணீர் பிடிக்க வாசலில் சம்ப் கட்டினோம், மிச்சமிருந்த செம்பருத்தியை எடுத்துவிட்டு. அப்புறம் 2003 வந்தது. எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு அவசரச் சட்டம் போட்டது. செய்யாத வீட்டுக்குக் குடிநீர் இணைப்பைத் துண்டிப்பார்கள் என்று தெருவில் பேச்சு. எங்கள் தெருவில் துண்டிப்பதற்கு இணைப்பே கிடையாது. ஆனாலும் சட்டம் சட்டம்தான். எந்த மேஸ்திரி போர்ட்டிகோவுக்குத் தளம் போட்டாரோ அவரையே கூப்பிட்டு, அந்தத் தளத்தையே உடைத்து, குழி தோண்டி, ஜல்லியும் மணலும் போட்டு மூடச் சொன்னோம். போட்டதற்குக் கூலி, உடைத்ததற்குக் கூலி. “அப்பவே கொஞ்சம் மண்ணு விட்டிருக்கலாம்மா” என்றார் மேஸ்திரி, பணத்தை எண்ணிக்கொண்டே. அடுத்த வருடமே கிணற்றில் தண்ணீர் ஊறியது என்பதையும் சொல்ல வேண்டும். சட்டம் போட்டவர்களைத் திட்டியபடியே நாங்கள் அந்தத் தண்ணீரில் குளித்தோம்.

தெருவின் கதை வேறு. ஒவ்வொரு தேர்தலுக்கும் சாலை போடுவார்கள். பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போடுவார்கள். நாங்கள் மூன்றடி மேடாக்கிக் கட்டிய வீடு, ஆண்டுகள் போகப் போகத் தெருவைவிடத் தாழ்ந்துகொண்டே வந்தது. வாசலில் முதலில் இரண்டு படி ஏறி வீட்டுக்குள் வந்தோம். பிறகு சமதளம். பிறகு இரண்டு படி இறங்கி வந்தோம். 2011-இல் மடிப்பாக்கம் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது; பட்டணத்துக் காற்று ஒருவழியாக எங்கள் மேல் பட்டது. 2015 டிசம்பரில் பட்டணத்து வெள்ளமும் வந்தது. தண்ணீர் ஹாலில் இடுப்பளவு நின்றது. நாங்கள் அடுத்த தெருவில் மாடிவீட்டுக்காரர் தயவில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது போர்ட்டிகோவில், மாருதியின் சக்கரத்தருகே, சேற்றில் ஒரு விரால் மீன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. 1985 மழையிலும் இதே இடத்தில் விராலைப் பார்த்திருக்கிறேன். அதன் வரைபடத்தில் இது இன்னும் ஏரி நீர் வழிகிற வயல்தான் போலிருக்கிறது. அடுத்த டிசம்பரில் வர்தா புயல் வந்து முருங்கையை முறித்து, தென்னையில் ஒன்றை வாடகைப் போர்ஷனின் ஷீட் மேல் சாய்த்தது. யாருக்கும் அடி இல்லை. அத்தை அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பாளை விட்டதையும், முந்நூறு காய் இறக்கியதையும், மரமேறிக்குக் கொடுத்த காய்களைக் கணக்கு வைத்துக்கொண்டு சண்டை பிடித்ததையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

2018-இல் ஒரு கட்டுமானக்காரரோடு ஒப்பந்தம் போட்டோம். தரைத்தளம் கார் நிறுத்த, மேலே மூன்று மாடி, ஆறு வீடு. மூன்று எங்களுக்கு, மூன்று அவருக்கு. கட்டடத்துக்கு ஒரு தோப்பின் பெயர் வைத்திருக்கிறார். மிச்சமிருந்த ஒற்றைத் தென்னையை எடுத்தால்தான் ஆறாவது கார் திரும்பும் என்றார், எடுத்தோம். சுற்றிலும் விடச் சொல்லிச் சட்டம் வற்புறுத்தும் இடைவெளிக்குச் சாம்பல் நிறத்தில் கல் பாவிவிட்டார்கள். பத்திரப்பதிவு அன்று என் வீட்டுக்குப் பிரிக்கப்படாத பாகமாக 400 சதுர அடி நிலம் என்று வாசித்தார்கள். அது எந்தப் பக்கம் என்று கேட்டேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு கைப்பிடி மண்ணைக்கூடத் தொட்டு இது என்னுடையது என்று காட்ட முடியாதபடி நான் நிலச்சொந்தக்காரி.

இப்போதுதான் அவருக்குத் தோட்டம் பிடித்திருக்கிறது. ஓய்வுபெற்றவர், முட்டி வலிக்காரர், அந்தக் காலத்தில் வாளியைத் தொடாதவர், விடியற்காலையில் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறார். தோட்டக்கலைத் துறையில் மானிய விலைக்குக் கொடுத்த மாடித் தோட்டத் தளையில் ஆரம்பித்தது. இப்போது வரிசை வரிசையாகச் செடிப்பைகள். உள்ளே மண் இல்லை. மண் கனம், தளம் தாங்காது என்று யூடியூபில் சொல்லிவிட்டார்களாம். ஐந்து கிலோ கட்டியாக அழுத்திய தென்னை நார்க்கழிவு வாங்கித் தண்ணீரில் ஊறவைக்கிறார். பக்கெட்டில் அது புட்டுமாவு மாதிரி பொங்கி வரும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். தென்னை நின்றபோது மட்டையையும் நாரையும் வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தது இவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

நம்மாழ்வார் பேச்சுகளைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யத்தைத் தானே தயாரிக்கிறேன் என்று ஒரு டிரம்மில் சாணி, கோமியம், பால், தயிர், நெய், வெல்லம், வாழைப்பழம் எல்லாம் போட்டுக் கலக்கி வைத்தார். மூன்றாம் மாடி ஐ.டி. தம்பதி மூக்கைப் பிடித்துக்கொண்டு கீழே வந்து, “ஆன்ட்டி, செப்டிக் டேங்க் லீக் ஆகுது” என்று சொன்னார்கள். லீக் ஆனது அங்கிளின் ஆர்வம் என்று சொல்லி அனுப்பினேன்.

பப்பாளியில் வெள்ளையாக மாவுப்பூச்சி வந்தது. அதைப் பற்றி மட்டும் அவரைக் கேட்காதீர்கள். மெக்சிகோப் பக்கத்துப் பூச்சி, 2008-இல் கோயம்புத்தூரில் முதலில் கண்டுபிடித்தார்கள், மல்பெரியும் மரவள்ளியும் காலியாயின, 2010-இல் புவெர்ட்டோ ரிகோவிலிருந்து கண்ணுக்கே தெரியாத ஒரு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டுத்தான் அடக்கினார்கள் என்று குழாயடியில் நிற்பவர்களையும் நிறுத்திச் சொல்வார். குளவி நம் மாடி வரைக்கும் எப்போது வரும் என்று நான் கேட்டால் பதில் வராது. பழைய வேட்டி, கெரசின் என்று நான் ஆரம்பித்தால் நான் சுற்றுச்சூழல் விரோதி.

சாயங்காலம் தக்காளி மூன்று, கத்திரிக்காய் இரண்டு என்று தட்டில் வைத்துக்கொண்டு இறங்குகிறார். அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்ட பிறகுதான் சமையலுக்குத் தருவார். அதற்குள் ஒன்று கனிந்துவிடும். மல்லிகை ஒரு பையில் இருக்கிறது, பூக்கிறது. கிழக்குப் பக்கம் நின்றால் கொக்குகள் போவது, கட்டடங்களுக்கு இடையில், துண்டு துண்டாகத் தெரியும். சேற்று நாற்றம் என்று அத்தை ஜன்னலைச் சாத்திய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அதைப் பார்த்த மாதிரி இருக்கும் வீடுகளுக்கு அதிகம் விலை சொல்கிறார்கள்.

போன வாரம் மகன் நாவலூரிலிருந்து போன் செய்தான். ஒன்பதாவது மாடியில் இருக்கிறான். குரலில் புது உற்சாகம்.

“அம்மா, மதுராந்தகம் பக்கத்துல பண்ணை நிலம் போட்டிருக்காங்க. நமக்குன்னு ஒரு துண்டு. சின்னதா ஒரு வீடு. தென்னை, மா, முருங்கை எல்லாம் அவங்களே வெச்சுக் குடுத்துடுவாங்க. பசங்க மண்ணுல கால் வெச்சு வளரணும்மா.”

“தண்ணி யாருடா ஊத்துறது?”

“சொட்டுநீர்ப் பாசனம்மா. போன்லயே ஆன் பண்ணிக்கலாம்.”

“பாம்பு?”

“அதுக்குத்தான் வீட்டைச் சுத்தி நாலடிக்குக் கான்கிரீட் போட்டுத் தர்றாங்க. நடைபாதைக்கும் போடறாங்க. கார் நிறுத்த ஷெட்டு தனியா.”

மழைக்கு அங்கே தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், முன்னால் அது என்ன நிலமாக இருந்தது, எவ்வளவு உயரத்துக்குச் சவுடு அடித்திருக்கிறார்கள் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. சர்வே எண்ணை அனுப்பச் சொன்னேன். ஏரிப் புறம்போக்கு இல்லையென்றால், வில்லங்கச் சான்றும் சுத்தமாக இருந்தால், என் பென்ஷன் சேமிப்பிலிருந்து பாதிப் பணம் போடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் அதற்குள் மாடியிலிருந்து ஓடிவந்து, பழைய டிராயிங் போர்டை எங்கே வைத்தாய் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இடம் காட்ட வேன் அனுப்புகிறார்களாம். மதியச் சாப்பாடு அவர்கள் செலவு.